சட்டைப் பையில் கரண்டி வைத்திருந்தவர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. தான் செய்து விற்ற சூப் பெட்டியிலேயே பெயரைப் போடாத மனிதர் அவர். பெட்டியில் ஒரு பானை மூடியின் படம் மட்டும் இருக்கும். அவர் பிறந்தது சுவிஸில். சுவிஸ்காரர்கள் கைக்கடிகாரத்திலிருந்து சொக்லேட் வரை எல்லாவற்றிலும் தகப்பன் பெயரையும் பேரன் பெயரையும் கொட்டை எழுத்தில் போட்டு உலகம் முழுக்க விற்கிறவர்கள். இவர் மட்டும் ஏன் இப்படி என்று அவருடைய தொழிற்சாலையில் பெரிய ஆராய்ச்சியே நடந்தது. கொலை செய்துவிட்டு ஓடி வந்தவர் என்றுகூட ஒரு கதை இருந்தது.

எங்கள் வீட்டில் அவருக்குக் கரண்டிக்காரர் என்று பெயர். மற்ற முதலாளிகள் பேனா குத்தி வைக்கிற மேல்பையில் அவர் ஒரு வெள்ளிக் கரண்டி வைத்திருந்தார். வங்கிக்குப் போகும்போதும் அது இருக்கும், தேவாலயத்துக்குப் போகும்போதும் இருக்கும். இனிமேல் நான் ‘இவர்’ என்று எழுதினால் அது என் கணவர். ‘அவர்’ என்றால் கரண்டிக்காரர். குழப்பம் வேண்டாம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் நான் கெமிஸ்ட்ரி படிப்பித்தேன், இவர் கணக்குப் படிப்பித்தார். ரொறன்ரோவுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் உயரமான கட்டடம் ஒன்றில் ஒற்றை அறை வீடு எடுத்திருந்தோம். ரோட்டில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டுப் பின்னால் ஓடுகிற காலம். எங்கள் சேர்டிபிக்கற்றுகளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவர் கார் நிறுத்துமிடம் ஒன்றில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து ரிக்கற் துண்டு கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அஜின்கோர்ட் பக்கம் ஒரு சூப்தூள் தொழிற்சாலையில் ஆய்வுகூட உதவியாளர் வேலை இருப்பதாகப் பேப்பரில் பார்த்தேன். சப்வேயில் கடைசி வரை போய், பிறகு பஸ் எடுக்கவேண்டும். பஸ் யன்னலால் சோளக் காணிகள் தெரியும்.

நேர்முகத்துக்குப் போனால், அவர் என் சேர்டிபிக்கற்றைத் தொடவே இல்லை. ஆவி பறக்கும் மூன்று கோப்பைகளை என் முன்னால் வைத்தார். அவர் பேசியது ஜெர்மன் முடிச்சு விழுந்த இங்கிலீஷ். அதை அப்படியே எழுத எனக்கு வராது. எங்கள் தமிழிலேயே பேச விடுகிறேன்.

“குடிச்சுப் பாருங்கோ. இதில எது மோசம்?”

மாட்டுச் சாறு. மணமே சொன்னது. வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே சொன்னேன்: “சேர், நான் மச்சம் சாப்பிடுறேல்லை.”

“அப்ப மணந்து பாருங்கோ.”

மணந்தேன். “நடுவில இருக்கிறதுக்கு வெங்காயம் அடிப்பிடிச்சிருக்கு.”

அவர் கரண்டியை எடுத்தார். அந்தக் கோப்பையில் ஒரு வாய் குடித்துவிட்டு முகட்டைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து கீழே அண்டாவடியில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டார். “மரியா, இரண்டாவதுக்கு வெங்காயம் எரிஞ்சதோ?” எரிந்ததுதான் என்று கீழேயிருந்து குரல் வந்தது. மரியா போர்த்துக்கல்காரி. அண்டாக்களுக்கு அவள்தான் பொறுப்பு. பிற்காலத்தில் எனக்கு நல்ல சிநேகிதி.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். “வீட்டில சமைக்கேக்கையும் இப்பிடி மணந்துதான் பாக்கிறனீங்களோ?”

“ஓம். சாமிக்குப் படைக்க முதல் நாங்கள் நாக்கில வைக்கிறேல்லை.”

“உப்பு?”

“அது கைக்குத் தெரியும்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. நான் ஏதோ கண்ணைக் கட்டிக்கொண்டு கார் ஓட்டுகிறேன் என்று சொன்னதுபோல இருந்தது. திங்கட்கிழமை வரச் சொன்னார். பட்டப்படிப்புக்குக் கிடைக்காத வேலை மூக்குக்குக் கிடைத்தது என்று இவர் கன நாள் பகிடி பண்ணினார்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். காலை பத்து மணிக்கு எல்லா மெஷினும் நிற்கும். கூட்டுகிறவரில் இருந்து கணக்காளர் வரை எல்லோரும் கோப்பையோடு வரிசையில் நிற்க வேண்டும். அன்றைய சூப்பை ஒவ்வொருவரும் குடித்துப் பார்க்க, அவர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்பார். “என்ன பிழை?”

நல்லாயிருக்கு என்று சொல்லக் கூடாது. சொன்னால், “அது மறுமொழி இல்லை” என்று அங்கேயே நிற்பார். நாங்களோ உப்பே போடாத கறியைச் சாப்பிட்டுவிட்டும் நல்லாயிருக்கு என்று சொல்லி எழும்புகிற சாதி. சம்பளம் வாங்கிக்கொண்டு குறை சொல்வது, கலியாண வீட்டில் குறை பிடிக்கிற மாப்பிள்ளை பகுதிக்குள் என்னை உட்கார வைத்ததுபோல இருந்தது. ஆனால் மெல்ல மெல்லப் பழகிவிட்டேன். மச்சம் சேர்ந்ததை மணந்து சொல்வேன். காய்கறிச் சூப்பைக் குடித்தும் சொல்வேன்.

குறை சொன்னாலும் லேசில் விடமாட்டார். உப்புக் கூட என்றால், “எப்ப கூட? வாயில வைக்கேக்கையா, விழுங்கின பிறகா?” என்பார். கசப்பு என்றால் நாக்கில் எந்த இடத்தில் கசப்பு என்று கேட்பார். மரியா ஒருநாள் என் காதுக்குள் சொன்னாள்: “உந்த மனுசனுக்குச் சூப் விக்கிறதை விடச் சூப்பைப் பற்றிக் கதை கேக்கிறதிலதான் ஆசை.” எனக்கும் அப்படித்தான் பட்டது. கேட்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்து, வானொலியில் தூரத்து நிலையம் ஒன்றைப் பிடிக்கிறவர்போல நிற்பார். தன் அபிப்பிராயத்தை மட்டும் சொல்லவே மாட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் கதை சொல்வார். எல்லாம் அவருடைய நாட்டுத் தொழிலதிபர்களின் கதை. செத்து எத்தனையோ காலமானவர்களை அயல் வீட்டுக்காரர்போல ஒருமையில் பேசுவார். மாவு மில் வைத்திருந்த ஒருவர், ஆலை வேலைக்குப் போகும் பெண்களுக்கு வீட்டில் சமைக்க நேரமில்லை என்று பயறு, பட்டாணியை அரைத்துச் சூப்தூள் செய்த கதை. மெழுகுதிரி செய்துகொண்டிருந்த ஒருவர், பாலையும் கொக்கோவையும் ஒன்றாகச் சேர்க்கப் போய் வருடக்கணக்கில் பழுதாக்கிக் கொட்டிய கதை. மருந்துக்கடைக்காரர் ஒருவர் தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்குப் பால்மா செய்த கதை. அந்த ஆட்கள் பெரும் பணக்காரர் ஆனதைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை. கொட்டினதையும் பழுதாக்கினதையும்தான் சொல்வார். “அவன் அண்டைக்கு ஆற்றில கொட்டினான் பாருங்கோ, அதை நான் ஒருக்கா மணந்து பாத்திருக்கவேணும்” என்று பெருமூச்சு விடுவார். எனக்குச் சிரிப்பு வரும். புளித்த பாலை மணக்க ஆசைப்படுகிற முதலாளியை நான் வேறெங்கும் காணவில்லை.

இந்தக் கதைகளை நான் வீட்டில் சொல்லப் போய், இவருக்கு வியாதி பிடித்துவிட்டது. நூலகத்துக்குப் போய் சுவிஸ் ஆலைக்காரர்களைப் பற்றிப் புத்தகம் எடுத்து வந்து வாசித்தார். கூண்டுக்குள் இருந்து துண்டு கிழிக்கிறவருக்கு வேறு என்ன பொழுதுபோக்கு. கரண்டிக்காரரை நேரில் கேட்க இவரிடம் நிறையக் கேள்விகள் சேர்ந்தன. அதே நேரம் அவரும் என்னிடம், “நீங்கள் ருசி பாராமல் சமைக்கிறதை நான் ஒருக்கா இருந்து பாக்கலாமோ?” என்று வெட்கத்தோடு கேட்டார். ஒரு சனிக்கிழமை வரச் சொன்னோம்.

எங்கள் குசினி ஒரு ஆள் திரும்ப இடமில்லாத குசினி. அவர் வாசலில் கதிரையைப் போட்டு, முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் உள்ளிப்பூண்டைத் தட்டும்போதும், புளியைக் கரைக்கும்போதும், மிளகும் சீரகமும் மல்லியும் இடிக்கும்போதும் கண் எடுக்கவில்லை. “இப்ப எப்பிடித் தெரியும்? இப்ப ஏன் நிப்பாட்டினீங்கள்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நுரை கட்டினால் இரசத்தை இறக்கவேண்டும் என்றேன். பருப்பின் சத்தம் மாறினால் தண்ணி காணாது என்றேன். உப்புக் கையில் எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டுத் தன் உள்ளங்கையிலும் போட்டுப் பார்த்தார்.

இந்த இடைவெளியில் இவர் புகுந்தார். “சுவிஸில மலையும் பனியும்தானே. கடல் இல்லை, கரி இல்லை. உந்தளவு தொழிற்சாலை எப்பிடி வந்தது?”

“மலையைத் தின்னேலாது. அதால வந்தது” என்றார் அவர்.

சமையல் முடிந்ததும் கரண்டியை எடுத்தார். நான் கையை நீட்டித் தடுத்தேன். அலுமாரித் தட்டில் எங்கள் பிள்ளையார் படம். அதற்கு முன்னால் வைத்துப் படைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் மிக மரியாதையாகக் கேட்டார்: “அவர் என்ன பிழை சொன்னவர்?”

“அவர் ஒண்டும் சொல்லமாட்டார், சேர்.”

“அப்ப அவரை என்ர தொழிற்சாலைக்கு எடுக்கேலாது.”

சாப்பிடும்போது இன்னொரு அதிசயம். வெள்ளைக்காரருக்கு என்று நான் உறைப்புக் குறைத்து வைத்த கறிகளை அவர் பேசாமல் சாப்பிட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இவருக்கென்று வைத்திருந்த பச்சை மிளகாய்ச் சம்பலை எடுத்ததும் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. சிரித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டார். பிறகு மிளகு இரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: “நாங்கள் இதைப் பெட்டியில அடைப்பம்.”

உண்மையில் அப்போது தொழிற்சாலைக்கு நல்ல காலம் இல்லை. பெரிய கொம்பனிகளின் சூப் பெட்டிகள் எங்களுடையதை விட மலிவு. வெள்ளிக்கிழமைகளில் மெஷின் ஓடவில்லை. திங்கட்கிழமையும் நிற்கப்போகிறது என்று பேச்சு. மரியாவுக்கு மூன்று பிள்ளைகள். எங்களுக்கு என் சம்பளம்தான் வாடகை. கடைத்தொடர் ஒன்று இந்த மிளகுச் சூப்பை எடுத்தால் எல்லோரும் தப்பலாம், எடுக்காவிட்டால் மூடுவதுதான். அவரே எங்களைக் கூட்டி வைத்து அப்படிச் சொன்னார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இரசத்தோடு மல்லுக்கட்டினோம். காய வைத்தால் உள்ளி மணம் ஓடிவிடும். புளி கட்டியாகும். பத்து மணிக்கு வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் இருமிக்கொண்டே குறை சொன்னார்கள். ஒவ்வொரு குறையாகத் தீர்த்து, கடைசியில் மரியாவே வேறு வழியில்லாமல் இன்னொரு கோப்பை கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. பரிசோதனைத் தூளில் உப்புச் சேர்ப்பதில்லை. கொதிக்கிற பானையில் மரியா கடைசியாக உப்புப் போடுவாள். கடைக்காரர்கள் வருவதற்கு முதல் நாள் நான், பெட்டியில் அடைக்கிற தூள் என்பதால், உப்பையும் தூளோடு சேர்த்துவிட்டேன். மரியாவுக்கு அதைச் சொல்ல மறந்துபோனேன்.

அவர்கள் பத்து மணிக்கே வருவதாகச் சொல்லியிருந்ததால் அன்று வரிசை இல்லை. எல்லோரும் கழுவின உடுப்போடு மெஷின் பக்கத்தில் நின்றார்கள். மரியா சூப்பைக் காய்ச்சி, தன் வழக்கப்படி உப்பையும் போட்டு, பானையை ஆய்வுகூடத்துக்குக் கொண்டு வந்தாள். மணம் அருமையாக இருந்தது. என் கையால் செய்தது முதல் முதலாக வெளியே போகிற நாள். ஆய்வுகூட அலுமாரிக் கதவுக்குள் நான் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையாருக்கு ஒரு கோப்பை வைத்தேன். அவர் உள்ளே வந்து கரண்டியால் குடித்தார். தொண்டையைத் தொட்டார். முகம் மலர்ந்தது. “இண்டைக்கு எனக்கு ஒரு பிழையும் தெரியேல்லை” என்றார். அவர் வாயால் இப்படி ஒரு வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. நான் குடித்துப் பார்க்க முதலே கடைக்காரர்கள் படியேறிவிட்டார்கள்.

ஒரு பெரியவர், ஒரு பெண். இருவரும் ஒன்றாகக் கோப்பையை வாயில் வைத்தார்கள். பெரியவருக்குப் புருவம் மேலே போய் அங்கேயே நின்றது. அந்தப் பெண் விழுங்கிவிட்டு, கோப்பையை மிக மெதுவாக மேசையில் வைத்து, “வித்தியாசமாக இருக்கிறது” என்றாள். என் கோப்பையை எடுத்துக் குடித்தேன். கடல் தண்ணீர். உப்பு இரண்டு தரம் விழுந்திருக்கிறது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் அவர்களுடைய முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதே பானையில் இருந்துதான் சற்று முன் குடித்தார். பிழை இல்லை என்றார். அந்த ஒரு கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது. சூப் முதலாளிக்கு ருசி தெரியாது. நான் நாக்கில் வைக்கவில்லை, அவர் வைத்தும் பிரயோசனம் இல்லை. இப்படி இரண்டு பேர் சேர்ந்து சூப் காய்ச்சியிருக்கிறோம்.

அவர் என்னிடம் திரும்பினார். குரல் அடங்கியிருந்தது. “என்ன பிழை?”

உப்பு என்று மட்டும் சொன்னால் போதும். குடித்துப் பார்த்தும் அவருக்கு உப்புத் தெரியவில்லை என்பது எல்லோர் முன்னாலும் அம்பலமாகிவிடும். நாக்கில்லாத முதலாளியிடம் யார் சூப் வாங்குவார்கள்? சொல்லாமல் விட்டால் சூப்பே இப்படித்தான் என்று எழும்பிப் போய்விடுவார்கள்.

“உப்பு, சேர். நீங்கள் ருசி பாத்த பிறகு பதட்டத்தில நான் இன்னொருக்கா அள்ளிப் போட்டிட்டன்.”

வாசலில் நின்ற மரியா வாயைத் திறந்தாள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். அந்தப் பெண் முதலில் சிரித்தாள். தான் வேலைக்குச் சேர்ந்த நாளில் கோப்பிக்கு உப்புப் போட்ட கதையைச் சொன்னாள். பெரியவரும் இளகி, இன்னொரு பானை காய்ச்சட்டும், இருக்கிறோம் என்றார்.

மரியாவிடம் இந்தமுறை உப்பு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாவது பானை வந்தது. அவர் கரண்டியைப் பையில் இருந்து எடுத்தார். தான் குடிக்கவில்லை. என்னிடம் நீட்டினார். “முதல்ல நீங்கள்.”

அலுமாரி பூட்டிக் கிடந்தது. படைக்க நேரமில்லை. பிள்ளையாரே, பொறுத்துக்கொள்ளும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு வாயில் வைத்தேன். கண் மூடித் திறக்க முதலே அவருடைய கேள்வி வந்தது. “உப்பு அளவு. மல்லி கொஞ்சம் தூக்கல்” என்றேன். தாங்கள் விற்கிற சாமானுக்குத் தாங்களே குறை சொல்கிற ஆட்களைக் கடைக்காரர்கள் அன்றுதான் கண்டிருப்பார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு குடித்தார்கள். சின்ன ஓடர்தான் தந்தார்கள், ஆனால் வெள்ளிக்கிழமை மெஷின் ஓட அது போதும். மரியா என்னைக் கட்டிப்பிடித்து, “பைத்தியக்காரி, உப்புப் போட்டது நானெல்லோ” என்று அழுதாள்.

பின்னேரம் எல்லோரும் பஸ்ஸுக்குப் போன பிறகு அவர் ஆய்வுகூடத்துக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“நீங்கள் இண்டைக்குப் பொய் சொன்னீங்கள்.”

“ஓம், சேர்.”

“இந்தத் தொழிற்சாலையில ஒருத்தரும் எனக்குப் பொய் சொல்லக் கூடாது.”

“உங்களுக்குச் சொல்லேல்லை. அவைக்குத்தான் சொன்னனான்.”

அவர் கதிரையில் உட்கார்ந்தார். எவ்வளவு காலமாக ருசி தெரியாது என்று நான்தான் கேட்டேன்.

“இளம் வயசில ஒரு காய்ச்சல். எழும்பேக்க மணமும் இல்லை, ருசியும் இல்லை. எங்கட குடும்பச் சூப் ஆலையில மூத்த மகன்தான் ருசி பாக்கிற கதிரையில இருக்கிறது, பரம்பரையா. நான் இருந்து நடிச்சுப் பாத்தன். எல்லாரும் நல்லாயிருக்கு எண்டுதான் எனக்குச் சொன்னவை. அதில எனக்கு என்ன தெரியும்? கதிரையைத் தம்பிக்கு விட்டன். பெயரையும் அவனுக்கே விட்டிட்டு வந்திட்டன்.” பானையைப் பார்த்தார். “பிழை சொல்லேக்கதான் ஆக்கள் ருசியைச் சொல்லுவினம். அதைக் கேட்டுக்கேட்டுத்தான் இவ்வளவு காலமும் சூப் காய்ச்சினனான். உங்கட இரசம் மட்டும்தான் எனக்குத் தொண்டையில தெரிஞ்சது. உறைப்பின்ர சூடு மட்டும்தான், ருசி இல்லை.”

காலமை தோறும் வரிசையில் நின்று அவரை நாங்கள் எவ்வளவு நக்கலடித்தோம். பானையின் அடியில் கொஞ்ச இரசம் மிச்சம் இருந்தது. சூடாக்கி ஒரு கோப்பையில் ஊற்றினேன். எனக்குத்தான். எதிரே உட்கார்ந்து குடித்தேன்.

அவர் வழமையான கேள்வியைக் கேட்கவில்லை. நானும் குறை தேடவில்லை.

“முதல்ல புளி வரும், சேர். நாக்கின்ர இரண்டு கரையையும் பிடிச்சுக் கூசப் பண்ணும். பிறகு சீரகம், வெயிலில காய்ஞ்ச துணி மாதிரி ஒரு மணம். உள்ளி உடன வராது. விழுங்கின பிறகு மூக்குக்குள்ளால திரும்பி வரும். எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைக்கேக்கதான் மிளகு.”

கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவருடைய தொண்டை ஏறி இறங்கியது. நான் நிறுத்தியதும் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

“இன்னொருக்கா. கொஞ்சம் ஆறுதலா.”

நான் இன்னொரு வாய் குடித்துவிட்டு, புளியிலிருந்து தொடங்கினேன்.